உப்பளத்துச் சிவப்பு: நுண்ணல்காக்கள் நெருக்கடியில் சேர்க்கும் பொருள்கள்

கோடை முற்றிய காலத்தில் உப்பளமொன்றின் வரம்பிலே நின்று நோக்கியவர்கள் ஒரு புதுமையைக் கண்டிருப்பர். கடல்நீர் முதன்முதல் வந்து தேங்கும் பெரிய பாத்திகளில் நீர் தெளிவாயேனும் சிறிது பச்சையாயேனும் இருக்கும். வெயிலில் நீர் வற்றி உப்புச் செறியச் செறிய, அடுத்தடுத்த பாத்திகளுக்குப் பாய்ச்சப்படுந்தோறும் அதன் நிறம் வேறுபடும். உப்புப் படிகின்ற கடைசிப் பாத்திகளை அடையும்போது அந்நீர் செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோலத் தோன்றும். இது மண்ணின் சாயம் என்று எண்ணுதல் எளிது. உண்மை அதுவன்று. அச்சிவப்பு உயிருள்ளது.

நெல்லும் மரக்கறியும் செய்கின்ற கமக்காரருக்கு உப்பளத்துப் பாசியைப் பற்றிய பாடம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உள. முதலாவது, அந்தச் சின்னஞ்சிறு உயிரில் வெயிலும் உப்பும் பசளைக் குறைவும் என்ன செய்கின்றனவோ, அவற்றின் சாயலை எமது வயலிலும் தோட்டத் தறையிலும் நாடோறும் காண்கிறோம். அங்கே அது ஒரு கலத்துக்குள் நிகழ்வதால் காரணத்தைத் தெளிவாகப் பிரித்தறியலாம். இரண்டாவது, உவர் பிடித்து வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தையுடையவர் இவ்வல்காவைப் பற்றிக் கேள்வியுறின், அதனை வளர்த்துப் பொருளீட்டலாமோ என்று எண்ணுதல் இயல்பு. அங்ஙனம் எண்ணுபவர் மண்வெட்டியை எடுக்குமுன் அறிய வேண்டியவை சில உள.

சுவரில்லாத கலம்

1838ஆம் ஆண்டிலே, பிரான்சு தேசத்தின் தென்பாகத்திலுள்ள மொன்பெலியே நகரத்தை அடுத்த உப்பளங்களில், மிசேல் பெலிக்சு டுனால் என்னும் தாவரவியலார் இச்சிவப்பு நீரை ஆராய்ந்து, அதனுள் நுண்ணிய உயிர்கள் இருப்பதைக் கண்டார். பின்னர் 1905ஆம் ஆண்டில் உருமேனிய விஞ்ஞானியான தியோடரெசுக்கோ என்பவர் அவ்வுயிருக்கு அவர் பெயரையே சூட்டி, டுனலியெல்லா சலீனா என்று அழைத்தார். இப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

டுனலியெல்லா ஒரு நுண்ணல்கா. ஒரே கலத்தாலானது. நூறு கலங்களை வரிசையாக நிறுத்தினும் அவ்வரிசை ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேற்படாது. முன்புறத்தில் இரண்டு சவுக்குமுளைகள் உண்டு. அவற்றை வீசி நீரில் நீந்தும். கலத்தினுள்ளே கிண்ணம் போன்ற ஒரு பச்சையவுருமணி இருக்கின்றது. நெல்லின் இலையைப் போலவே இதுவும் வெயிலையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும்.

ஆயினும் நெற்பயிரிலிருந்து ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நெல்லின் ஒவ்வொரு கலத்துக்கும் உறுதியான சுவர் உண்டு, இதற்கு அஃதில்லை. மெல்லிய சவ்வு மாத்திரமே உண்டு. கடல்நீரில் இலீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உள்ளது. உப்புப் படியும் பாத்தியிலோ அது 300 கிராமளவுக்கு ஏறிவிடும். அத்தகைய நீரில் சுவரில்லாத கலமொன்று எவ்வாறு வற்றிச் சாகாதிருக்கின்றது?

ஊறுகாய்க்குப் போட்ட தேசிக்காய் எவ்வாறு சுருங்குகின்றதென்பதை எல்லோரும் அறிவர். உப்பு, காயினுள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகின்றது. இதனைப் பிரசாரணம் என்பர். உப்புக் கூடிய நீரில் விடப்பட்ட டுனலியெல்லாவும் சில நிமிடங்களில் அவ்வாறே சுருங்கும். ஆனால் சில மணித்தியாலங்களுள் பழைய உருவத்தை மீண்டும் பெற்றுவிடும். சேமித்து வைத்த மாப்பொருளையும் புதிதாக ஆக்கிய வெல்லங்களையும் கிளிசரோல் என்னும் இனிய நெய்ப்பான பொருளாக மாற்றித் தன்னுள்ளே நிரப்பிக்கொள்வதே இதன் உபாயம். வெளியே உப்பு எவ்வளவு இழுக்கின்றதோ அவ்வளவுக்கு உள்ளே கிளிசரோல் நீரைப் பிடித்து நிற்கும். செறிந்த உப்புநீரில் வாழும் கலத்தின் உலர்நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு கிளிசரோலாகவே இருத்தலுங் கூடும். அதன் சவ்வு இப்பொருளை வெளியே கசிய விடுவதில்லை. மழை பெய்து நீர் ஐதாகுமானால் கிளிசரோல் மறுபடி மாப்பொருளாகிவிடும்.

இந்த உபாயத்துக்கு விலை உண்டு என்பதைக் கமக்காரர் குறித்துக்கொள்ள வேண்டும். கிளிசரோலாகிய ஒவ்வொரு துளியும் புதிய கலத்தை ஆக்குவதற்குச் சென்றிருக்க வேண்டிய உணவு. உவர் பிடித்த வயலில் நெல்லும் இவ்வாறே செலவு செய்கின்றது. வேரால் வரும் சோடியத்தைத் தடுக்கவும், வந்ததை ஒதுக்கி வைக்கவும், கலத்தினுள் நீரைப் பிடித்து வைக்கவும் அது தன் உணவைச் செலவழிக்கும். நட்டபின் நாற்று வளராது நிற்பதும், இலை நுனி வெளுத்துக் கருகுவதும், பூக்கும் பருவத்தில் உவர் தாக்கிய கதிர் பதராவதும் இச்செலவைத் தாங்க மாட்டாமையின் விளைவுகளே. நெல் உவரைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்த தானியங்களுள் ஒன்று.

சிவப்பு எங்கிருந்து வருகின்றது?

கிளிசரோலுக்கு நிறமில்லை. சிவப்புக்குக் காரணம் பீற்றா கரற்றீன். கரட்டுக்கும் பூசணிக்கும் பழுத்த பப்பாசிக்கும் நிறமளிக்கும் அதே பொருள். எமது உடலிலே விற்றமின் ஏ ஆக மாறுவது. கரட்டை முற்றாக உலர்த்தினால் அதன் நிறையில் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்களவே இப்பொருள் இருக்கும். நெருக்கடிக்குள்ளான டுனலியெல்லாவிலோ உலர்நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு அது ஏறுகின்றது. சிலவேளை அதற்கு மேலும் செல்லும். உலகில் வேறு எந்தப் பயிரிலும் இவ்வளவு செறிவாக அது காணப்படுவதில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. உப்பளத்தில் காணும் சிவப்பு முழுவதும் இவ்வல்காவினால் வந்ததென்று கொள்ளலாகாது. உப்பு மிகச் செறிந்த கடைசிப் பாத்திகளில், உப்பை விரும்பும் வேறொரு வகை நுண்ணுயிர்கள் பல்கிப் பெருகுகின்றன. பற்றீரியாவைப் போன்ற தோற்றமுடைய அவற்றுக்குச் சொந்தமான சிவப்பு நிறப்பொருளொன்று உண்டு. அது விற்றமின் ஏ தருவதன்று. பல பாத்திகளில் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் பெரும்பங்கு அவற்றினதே.

கரற்றீன் நெய்த்துளிகளில் கரைந்து, பச்சையவுருமணியின் ஓரமாகத் திரண்டு நிற்கின்றது. இளநாற்றுமேடைக்கு மேலே கிடுகுப் பந்தல் இடுவதுபோல, அத்துளிகள் பச்சையத்துக்கு மேலே பந்தலாகின்றன. வெயிலின் நீல ஒளியை அவை உறிஞ்சிக்கொள்வதால் பச்சையம் கருகாது பிழைக்கின்றது. நீல ஒளியால் வரும் தீங்கை இப்பந்தல் தடுக்கும். செவ்வொளியால் வருவதைத் தடுக்காது. ஏனெனில் கரற்றீன் செவ்வொளியை உறிஞ்சுவதில்லை.

இப்பந்தலை அல்கா எப்பொழுது இடுகின்றது? உப்பு மிகுந்தபோது என்று சிலர் கூறினர். நைதரசன் குறைந்தபோது என்று சிலர் கூறினர். வெயில் கடுமையானபோது என்றும், குளிர் வந்தபோது என்றும் வேறு சிலர் கூறினர். ஒவ்வொன்றும் பரிசோதனையில் மெய்யெனவே காணப்பட்டது. இவையனைத்துக்கும் பொதுவான விதியை 1983ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான அமி பென்-அமொற்சு, மொர்டகாய் அவ்ரோன் என்னும் இருவரும் எடுத்துக் காட்டினர். ஒரு கலம் தோன்றி அது இரண்டாகப் பிரியும் வரையுள்ள காலத்தில் மொத்தமாக எவ்வளவு ஒளியை உறிஞ்சியதோ, அதற்கேற்பவே அதில் கரற்றீன் சேரும் என்பதே அவ்விதி.

இது விளங்குதற்கு நாம் அறிந்த குளத்தை நினைவிற் கொள்வோம். மழை நீர் குளத்துக்கு வந்துகொண்டேயிருக்கின்றது. மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சினால் வந்த நீர் பயனாகும், நீர்மட்டம் ஏறாது. மதகை மூடிவிட்டால், வரும் நீர் அதேயளவாயினும் மட்டம் ஏறி, ஈற்றில் வான் பாயும். வான் இல்லாத குளத்தின் அணை உடையும். அல்காவுக்கு வெயில்தான் வரத்து நீர். வளர்ச்சியும் பிரிவும் மதகு. கரற்றீன் வான்.

நாளுக்கொருமுறை பிரியும் கலம் ஒரு நாள் வெயிலை மட்டுமே தாங்க வேண்டும். ஏதோவொரு குறையால் ஐந்து நாளுக்கொருமுறையே பிரியுமானால், ஐந்து நாள் வெயில் அந்த ஒரு கலத்தின் மேலேயே விழும். மதகை மூடியது உப்பா, நைதரசக் குறைவா, பொசுபரசுக் குறைவா, குளிரா என்பது இரண்டாம் பட்சம். வெயில் மட்டும் தொடர்ந்து வரவேண்டும். நிழலில் வைத்துப் பட்டினி போட்ட அல்கா அவ்வாறு சிவப்பதில்லை, வெறுமனே மெலியும்.

நைதரசக் குறைவு ஏன் இத்துணை வலிமையாகத் தொழிற்படுகின்றதென்பதற்குக் கரற்றீனின் அமைப்பிலேயே விடை இருக்கின்றது. அது 40 காபன் அணுக்களாலும் 56 ஐதரசன் அணுக்களாலும் மாத்திரம் ஆனது. நைதரசன் சிறிதும் இல்லை. பச்சையத்துக்கும் புரதத்துக்கும் நைதரசன் இன்றியமையாதது. ஆகவே நைதரசன் தீர்ந்தபோது புதிய பச்சையத்தையும் புதிய கலத்தையும் ஆக்க முடியாத அல்கா, காபனைக் கொண்டு செய்யக்கூடிய நெய்யையும் கரற்றீனையும் செய்து குவிக்கின்றது. நைத்திரேற்றை மறுபடி கொடுத்து வெயிலையுங் குறைத்தால், அதே கலங்கள் மீண்டும் பச்சையாகிப் பிரியத் தொடங்கும்.

இங்கே ஒரு தவறான ஒப்பீட்டைத் தவிர்க்க வேண்டும். பசளை காணாத நெற்பயிரின் கீழிலைகள் மஞ்சளாவதைக் கண்டு, அங்கும் கரற்றீன் சேர்கின்றது போலும் என்று எண்ணக்கூடாது. நெல், முதிர்ந்த இலையிலுள்ள நைதரசனை எடுத்து இளம் இலைக்கு அனுப்புகின்றது. பச்சையம் அழிந்த பின், முன்பே அங்கிருந்த மஞ்சள் நிறப்பொருள் வெளியே தெரிகின்றது. அல்காவின் சிவப்பு புதிதாகச் சேர்த்த பொருள். நெல்லின் மஞ்சள் கழிந்தது போக எஞ்சிய பொருள். நிறமாற்றம் இரண்டிலும் உண்டாயினும் ஒன்றில் வரவு, மற்றதில் செலவு.

பாத்திக் கணக்கு

இனி, நெருக்கடி நல்லதென்றால் தொடக்கத்திலிருந்தே அதனைக் கொடுத்து வைத்தால் என்ன என்ற கேள்வி எழும். இங்கேதான் பலர் கணக்கில் தவறுகின்றனர். கலமொன்றில் எவ்வளவு பொருள் இருக்கின்றதென்பது ஆய்வுகூடத்தின் கேள்வி. பாத்தியொன்றிலிருந்து எவ்வளவு பொருள் கிடைக்கின்றதென்பதே செய்கையாளனின் கேள்வி.

கணக்கு விளங்குதற்காகச் சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். ஒரே அளவான மூன்று பாத்திகள். முதலாவதில் நைத்திரேற்றும் ஏனைய போசணையும் குறைவின்றிக் கொடுத்துப் பச்சையாகவே வளர்த்தால் 100 கிலோகிராம் உலர்ந்த அல்கா கிடைக்கின்றது. அதில் நூற்றுக்கு 1 வீதம் கரற்றீன். மொத்தம் 1 கிலோகிராம். இரண்டாவதில் முதல்நாளிலிருந்தே பட்டினி. கலங்கள் அழகாகச் சிவந்து நூற்றுக்கு 10 வீதம் கரற்றீன் கொண்டிருக்கின்றன. ஆனால் கிடைப்பது 10 கிலோகிராம் அல்கா மாத்திரமே. மொத்தம் அதே 1 கிலோகிராம். மூன்றாவதில் முதலிற் குறைவின்றி வளர்த்து, கலங்கள் வேண்டியமட்டும் பெருகியபின் நைத்திரேற்றை நிறுத்தி, நீரை ஐதாக்கி, முழு வெயிலில் விடுகின்றோம். 90 கிலோகிராம் அல்காவில் நூற்றுக்கு 5 வீதமே சேர்ந்தாலும் மொத்தம் 4½ கிலோகிராம் ஆகின்றது.

இவ்விருகட்டச் செய்கையைப் பென்-அமொற்சு 1995ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதற் கட்டம் உடலை வளர்ப்பது. இரண்டாம் கட்டம் பொருளைச் சேர்ப்பது. நீரை ஐதாக்குவது எதற்கெனில், அல்கா நெருங்கி நின்றால் மேற்பரப்பிலுள்ளது கீழுள்ளதை மறைத்துவிடும். ஒவ்வொரு கலத்துக்கும் போதிய வெயில் கிட்டாது. நெருங்கிய பயிரில் அடியிலை வெளுப்பதை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தக்காளி செய்பவர்கள் இதனோடு ஒத்த ஒன்றைக் கண்டிருக்கலாம். சிறிது உவரான கிணற்றுநீர் பாய்ச்சிய தக்காளியின் பழம் சிறிதாயினும் இனிப்பு மிகுந்திருக்கும். பழத்தினுள் நீர் குறைவாகச் சேர்வதே அதற்கு முதன்மையான காரணம். இனிப்புக் கூடிற்றென்று மகிழ்ந்து உவர்நீரையே பாய்ச்சினால் விளைச்சல் குன்றும்; மண்ணிலும் உப்புத் தங்கும். கூடையின் நிறையும் பழத்தின் இனிப்பும் ஒன்றாய் ஏறுவதில்லை.

கரற்றீனுக்காக டுனலியெல்லாவைப் பெருமளவில் வளர்க்கும் முயற்சி 1980ஆம் ஆண்டுகளிலே அவுஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் நிலைபெற்றது. இருநாட்டு முறைகளும் முற்றிலும் வேறானவை. மேற்கு அவுஸ்திரேலியாவின் அட் உவர்க்கழியிலும் தென் அவுஸ்திரேலியாவின் வையாலாவிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பான ஆழங்குறைந்த நீர்நிலைகளை வெட்டி, காற்றும் வெயிலும் தம் வேலையைச் செய்யும்படி விட்டனர். அங்கே நிலம் மலிவு, மழை குறைவு, அல்கா மிக ஐதாகவே இருக்கும். இஸ்ரேலின் தென்கோடியிலுள்ள எயிலாத்தில் நிலம் சிறிது. ஆகவே அடியில் விரிப்பிட்ட, ஓட்டப்பந்தயத் தடம் போன்ற நீள்வட்டத் தொட்டிகளில், துடுப்புச் சக்கரத்தால் நீரை ஓயாது சுழலவிட்டு அல்காவை அடர்த்தியாக வளர்த்தனர். எந்த முறையாயினும், பெருஞ்செலவு அறுவடையிலேதான் வருகின்றது. சுவரில்லாத நுண்கலங்களை அவற்றோடொத்த பாரமுள்ள உப்புநீரிலிருந்து பிரித்தெடுத்தல் நெல்லை அரிந்து சூடடிப்பது போன்றதன்று.

பகைகளும் உள. டுனலியெல்லாவை மேயும் ஒருகல உயிர்களும், உப்பளங்களில் வாழும் சிறு இறால்வகையும் உப்புக் குறைந்த நீரில் பெருகிவிடுகின்றன. உப்பு மிகக் கூடினால் அவை வாழா. ஆனால் அல்காவின் வளர்ச்சியும் தாழும். வேகமாக வளரும் உப்பளவு ஒன்று, கரற்றீன் மிகுதியாகச் சேரும் உப்பளவு அதனிலும் உயர்ந்தது, பகையில்லாத உப்பளவு மற்றொன்று. செய்கையாளன் இம்மூன்றுக்கும் இடையில் ஓரிடத்தைப் பிடித்து நிற்க வேண்டும். பெருமழையொன்று பெய்தால் அந்த நிலை ஒரே இரவில் குலைந்துவிடும்.

எல்லாப் பொருளும் நெருக்கடியால் பெருகுவதில்லை

டுனலியெல்லாவை வைத்து மற்றெல்லா நுண்ணல்காக்களுக்கும் தீர்ப்புக் கூறுதல் பிழையாகும். கடல்நீரில் வாழும் தயற்றங்கள் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுடையவை. அவற்றுக்குக் கபில நிறமளிக்கும் பியுக்கோசாந்தின் என்னும் பொருள், ஒளியைச் சேகரிக்கும் வேலையைச் செய்வது. வெயில் கடுமையானாலும் நைதரசன் குறைந்தாலும் அது குறைந்துவிடும். மங்கிய ஒளியிலும் நிறைந்த போசணையிலுமே அது கூடும். பந்தலுக்கு வேண்டிய பொருள் வெயிலில் பெருகுகின்றது. ஒளியைப் பிடிக்கும் வலைக்கு வேண்டிய பொருள் நிழலில் பெருகுகின்றது. காரணத்தை அறிந்தால் எப்பொருள் எந்நிலையில் கூடுமென்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லலாம்.

பொபைரிடியம் என்னும் செந்நிற நுண்ணல்காவின் சிவப்பு ஒரு புரதம். நைதரசன் தீர்ந்தபோது அது அப்புரதத்தையே உடைத்துத் தின்று வெளுத்துவிடும். உப்பளத்து அல்கா பட்டினியில் சிவக்க, இது பட்டினியில் நிறமிழக்கின்றது. நனோக்குளோரொப்சிசு என்னும் மற்றொன்று பட்டினியில் எண்ணெயைக் குவிக்கின்றது. ஆயினும் மீனெண்ணெயில் நாம் விரும்பும் ஒமேகா-3 கொழுப்பமிலம் அவ்வெண்ணெயில் வீதத்திற் குறைந்துவிடுகின்றது. ஏனெனில் அது முக்கியமாகச் சவ்வில் இருக்கும் பொருள். சவ்வு வளர்வது வளர்ச்சியின்போது.

நெருக்கடி நஞ்சையும் பெருக்கும். 1987ஆம் ஆண்டு கனடாவின் பிரின்சு எட்வேட் தீவிலிருந்து வந்த மட்டியை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் இறந்தனர், சிலர் நினைவாற்றலை இழந்தனர். தயற்ற வகையொன்று ஆக்கிய டொமோயிக்கமிலம் மட்டியின் உடலில் சேர்ந்திருந்ததே காரணமென்று கண்டறியப்பட்டது. பிந்திய ஆராய்ச்சிகளில், சிலிக்காவோ பொசுபரசோ குறைந்து வளர்ச்சி தடைப்பட்டபோது அத்தயற்றங்கள் இந்நஞ்சைக் கூடுதலாக ஆக்குவது தெரியவந்தது. நைதரசன் குறைந்தபோது ஆக்குவதில்லை. அந்நஞ்சில் நைதரசன் உண்டு. ஆகவே, நெருக்கடியில் விளைந்த பொருள் என்றவுடன் அது உடலுக்கு நல்லதென்று கொள்ளுதல் அறியாமை.

கரற்றீனும் அளவோடு கொள்ளற்பாலது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1994ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரற்றீன் குளிசையாக உட்கொண்டவர்களிடையே சுவாசப்பைப் புற்றுநோய் நூற்றுக்கு 18 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அங்கே கொடுக்கப்பட்டது செயற்கையாக ஆக்கிய கரற்றீன். அல்காக் கரற்றீன் அத்தீங்கு செய்யாதென்பதற்கு அது சான்றாகாது. சுருட்டோ சிகரற்றோ பிடிப்பவர்கள் எவ்வகைக் கரற்றீன் குளிசையையும் வைத்தியரின் சொல்லின்றி எடுத்தல் ஆகாது.

எமது நிலமும் எமது கிணறும்

ஆனையிறவு, மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை ஆகிய இடங்கள் உப்பு விளைச்சலுக்குப் பெயர்பெற்றவை. வெயில் உண்டு, கடல்நீர் உண்டு. ஆயினும் எமக்கும் அட் உவர்க்கழிக்கும் பெரிய வேறுபாடு மழை. ஆனையிறவுப் பகுதியில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி தொடங்கியதும் பாத்திகள் ஐதாகிவிடும். உப்பு விளைப்போர் அதனால் ஒரு போகத்தை முடித்துக்கொள்வர். அல்கா வளர்ப்பவரோ மழைக்காலம் முழுவதும் வித்து அல்காவைக் காப்பாற்றி வைத்தல் வேண்டும். நைத்திரேற்று, விரிப்பு, சக்கரம், பிரித்தெடுக்கும் பொறி, உலர்த்தும் பொறி, விளைபொருளைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஆகிய இவையெல்லாம் ஒரு குடும்பத்தின் கைக்கு எட்டுவன அல்ல. எமது கருத்தின்படி, இது தொடங்கப்படின் முன்பே உப்பளமாயுள்ள நிலத்திலோ, 1990ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் பரவியபின் கைவிடப்பட்ட புத்தளப் பகுதி இறால் தொட்டிகள் போன்றவற்றிலோ, கூட்டுறவாகவோ பெருநிறுவனமாகவோ தொடங்கற்பாலது.

வயலை வெட்டி உப்புநீர்த் தொட்டியாக்குவதை நாம் வன்மையாகத் தடுத்துரைக்கின்றோம். குடாநாட்டுக் கமக்காரர் இதனைச் சிறப்பாக உணர்தல் வேண்டும். அங்கே நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல் உள்ளது. அது வெடிப்பும் பொந்துமுடையது. மழையால் ஊறிய நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல மெல்லிய படையாய் மிதக்கின்றது. அப்படையிலிருந்தே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நீர் இறைக்கின்றோம், அதையே குடிக்கின்றோம். அதன்மேல் விரிப்பின்றி வெட்டிய உப்புநீர்த் தொட்டியொன்றிலிருந்து கசியும் நீர் வெட்டியவரின் வேலியோடு நில்லாது. அடுத்த வளவின் கிணறு உவரானால், அதனை மீட்பதற்குப் பல மாரிகள் வேண்டும். விரிப்பு இட்டாலும் அது கிழியாதிருக்குமென்று யாரும் உறுதி கூறவியலாது.

கரற்றீனைப் பெறுவதற்கு எமக்கு எளிய வழிகள் உள. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பூசணி, கரட், பழுத்த பப்பாசி, மாம்பழம் ஆகிய யாவும் அதனைத் தருவன. சிறு பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். முற்றினால் பார்வையே கெடும். கரற்றீன் கொழுப்பிற் கரைவது. நெய்ப்பான உணவோடு சேர்ந்தால்தான் உடல் அதனை நன்கு ஏற்றுக்கொள்ளும். முருங்கையிலை வறையில் தேங்காய்ப்பூச் சேர்க்கும் எமது வழக்கம் இவ்வகையில் மிகப் பொருத்தமானது.

உவர் பிடித்த வயலுடையவர்கள் முதலிற் செய்ய வேண்டுவது நிலத்தையும் நீரையும் சோதிப்பித்தல். உவரின் அளவு மின்கடத்துதிறனால் அறியப்படும். மண்சாற்றில் அது மீற்றருக்கு 3 தெசிசீமனுக்கு மேற்படும்போது நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்குகின்றது. அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு 12 வீதம் குறையுமென்று கணக்கிடப்பட்டுள்ளது. அளவு குறைவாயின், முதல் மழைநீரை வரம்பு கட்டி வயலில் நிறுத்தி, பின் வடிகாலால் வெளியேற்றி உப்பைக் கழுவலாம். வடிகால் இல்லாத வயலில் நீர் நிறுத்துவது உப்பை இடம் மாற்றுமேயன்றி நீக்காது. நாற்று நடுபவர்கள் இளநாற்றைத் தவிர்த்துச் சிறிது முதிர்ந்த நாற்றை நடுக. பூக்கும் பருவத்தில் நன்னீர் குறையாதபடி விதைப்புக் காலத்தை அமைத்துக்கொள்க. உவரைத் தாங்கும் நெல்லினங்கள் பொக்காளி போன்ற பழைய இனங்களின் வழியில் விருத்தி செய்யப்பட்டுள்ளன. உங்கள் பகுதிக்கு ஏற்றது எதுவென்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. சோதனைக்கு மண் எடுக்கும்போது வயலின் ஒரு மூலையில் மாத்திரம் எடாது, தாழ்ந்த இடத்திலும் உயர்ந்த இடத்திலும் தனித்தனியே எடுத்து, எவ்விடத்து மண் என்பதைப் பையின்மேல் எழுதிக் கொடுக்குக.

உப்பளத்தை அடுத்து வாழ்பவர்கள், அங்குள்ள சிவப்பு நீர் அல்காவினதா மற்ற நுண்ணுயிர்களினதா என்று அறிய விரும்பின், ஒரு சிறு போத்தலில் நீரெடுத்துப் பக்கத்துப் பாடசாலையின் நுணுக்குக்காட்டியிற் பார்க்கலாம். முட்டை வடிவாய், செம்மஞ்சள் நிறமாய், இரண்டு சவுக்குமுளைகளை வீசி நீந்துவன டுனலியெல்லா. மிகச் சிறிய கோல்களாக, புள்ளிகளினும் சற்றே நீண்டு தெரிவன மற்றவை. போத்தலை வெயிலில் மூடிவைத்து நீர் சூடேறவிடாது, எடுத்த அன்றைக்கே பார்த்தல் நன்று.